சேவையகங்களிற் கடவுச்சொல் இணக்கமின்மை: வரலாறும் காரணங்களும் பற்றிய சில குறிப்புகள்

கணனிச் சேவையகமொன்று “கடவுச்சொல் பிழை” என அறிவிக்கும்போது, பிழை அச்சொல்லைத் தட்டச்சிட்டவரிடமே உள்ளது என்று கொள்வது வழக்கமாகிவிட்டது. சொல்லை மறந்திருப்பார், விசை மாறி அழுத்தியிருப்பார், அல்லது பிறர் கணக்கினுட் புக முயன்றிருப்பார் என்பனவே உடனே தோன்றும் விளக்கங்கள். ஆயின், சேவையகங்களைப் பராமரிப்போரின் நாளாந்த அனுபவத்தில், சரியான சொல்லைச் சரியாகவே தட்டச்சிட்டவர் வெளியே நிறுத்தப்படும் நிலைமை அரிதன்று. சொல்லும் சரி, சொன்னவரும் சரி. அச்சொல்லின் சேமிக்கப்பட்ட வடிவத்தை வாசிக்கும் ஆற்றல் யந்திரத்திடம் இல்லை. அவ்வாற்றலின்மையை அது ஒப்புக்கொள்வதில்லை. பழியைப் பயனாளர்மீது சுமத்திவிடுகின்றது. இந்த இணக்கமின்மை எவ்வாறு தோன்றியது, ஏன் மீண்டும் மீண்டும் தோன்றுகின்றது, அதனைத் தீர்ப்பதாகக் கூறிச் செய்யப்படும் காரியங்களுக்கு யாருடைய இரகசியம் விலையாகின்றது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இக்கட்டுரையாளர் அறிந்த கல்வித் துறையொன்றில் 2022ஆம் ஆண்டில் நிகழ்ந்த சம்பவமொன்றிலிருந்து தொடங்கலாம். அத்துறையின் சேவையகம் பழுதுற்றபோது, அதிலிருந்த கணக்குப் பட்டியலை அப்படியே பிரதிசெய்து, அறையின் மூலையிற் கிடந்த பழைய மாற்று யந்திரமொன்றில் இட்டனர். மறுநாட் காலை நாற்பதுக்கு மேற்பட்டோரில் ஒருவராலும் உள்நுழைய முடியவில்லை; இருவரைத் தவிர. அவ்விருவரும் துறையில் யந்திரங்களோடு மிகக் குறைந்த தொடர்புடையவர்கள். “கடவுச்சொல்லை அடிக்கடி மாற்றுக” என்ற அறிவுறுத்தலைப் பல ஆண்டுகளாகப் பொருட்படுத்தாதவர்கள். அறிவுறுத்தலுக்குக் கீழ்ப்படிந்த அனைவரும் வெளியே நின்றனர். பொறுப்பிலிருந்தவர் முன்வைத்த யோசனை, இப்போதைக்கு எல்லோருக்கும் பொதுவான ஒரே சொல்லைக் கொடுத்துவிடலாம் என்பதாகும். அந்த இருவர் எவ்வாறு உள்நுழைந்தனர் என்ற வினாவிலேயே முழு நோயின் குறியும் அடங்கியிருந்தது. அதனை விளங்கிக்கொள்வதற்குச் சிறிது பின்னோக்கிச் செல்லல் வேண்டும்.

சேமிக்கப்படுவது யாது?

நன்கு அமைக்கப்பட்ட சேவையகம் பயனாளரின் கடவுச்சொல்லை வைத்திருப்பதில்லை. அச்சொல்லை ஒருவழிச் சார்பொன்றினூடாகச் செலுத்திப் பெறப்பட்ட எழுத்துத் தொடரையே அது வைத்திருக்கின்றது. இதனையே ஹாஷ் என்பர். நெல்லை இடித்து மாவாக்கலாம். மாவிலிருந்து நெல்மணியை மீட்கவியலாது. ஆனால் ஒரே நெல்லை ஒரே உரலில் ஒரே விதமாக இடித்தால் ஒரே மாவு கிடைக்கும். பயனாளர் மறுநாள் வந்து சொல்லைக் கூறும்போது சேவையகம் அதனை மீண்டும் இடித்து, பழைய மாவுடன் ஒப்பிடுகின்றது. இங்கு “ஒரே உரல், ஒரே விதம்” என்ற நிபந்தனை முக்கியமானது. உரல் மாறினால், இடிக்கும் எண்ணிக்கை மாறினால், அல்லது நெல்லே ஒரு மணி கூடிக் குறைந்தால், ஒப்பீடு முற்றாகத் தோல்வியடையும். ஏறத்தாழச் சரி என்ற நிலை ஹாஷில் இல்லை.

இதிலிருந்து இன்னொன்றும் பெறப்படும். சேவையகத்துக்கு மூலச்சொல் தெரியாதாகையால், ஒரு வடிவிலுள்ள ஹாஷை வேறொரு வடிவுக்கு அதனால் மாற்ற இயலாது. பழைய நாணயத்தைப் புதிய நாணயமாக மாற்றுவதுபோல ஒரே இரவில் எல்லாக் கணக்குகளையும் மாற்றும் வழி இல்லை. புதிய வடிவம் பிறப்பதற்குப் பயனாளர் தம் சொல்லை மீண்டும் ஒருமுறை கூறவேண்டும். இணக்கமின்மைச் சிக்கல்கள் பெரும்பாலும் இந்த ஒரு பண்பிலிருந்தே கிளைக்கின்றன.

இவ்வேற்பாடு தொடக்கத்திலேயே இருந்ததன்று. 1960களின் முற்பகுதியில் மசாசுசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தில் பெர்னாண்டோ கோர்பட்டோ தலைமையில் அமைந்த நேரப்பகிர்வு முறைமையிற் கடவுச்சொற்கள் சாதாரண எழுத்திலேயே கோப்பொன்றில் இருந்தன. ஒருநாள் தொகுப்பு நிரலின் தற்காலிகக் கோப்புகள் இரண்டு இடம்மாறிப்போக, அன்றைய அறிவித்தல் தோன்றவேண்டிய இடத்தில், உள்நுழைந்த ஒவ்வொருவருக்கும் அனைவரது கடவுச்சொற்களும் காட்சியளித்தன. கேம்பிரிஜ் பல்கலைக்கழகத்தின் ரைற்றன் கணனியில், அதே தசாப்தத்தின் பிற்பகுதியில், றொஜர் நீதாம் ஒருவழிச் சார்பைப் பயன்படுத்தும் முறையைப் புகுத்தினார். மோறிஸ் வில்க்ஸ் 1968இல் வெளியிட்ட நேரப்பகிர்வு பற்றிய நூலினால் அது பலருக்கும் அறிமுகமாயிற்று.

ஆயினும், இன்றுவரை நம்மைத் தொடரும் வடிவம் பெல் ஆய்வுகூடத்தில் உருவாயிற்று. றொபேட் மொறிஸும் கென் தொம்சனும் 1979இல் வெளியிட்ட கட்டுரை இத்துறையின் மூலநூல் எனத்தக்கது. அவர்கள் திரட்டிய 3,289 கடவுச்சொற்களில் 86 சதவீதமானவை எளிதிற் கண்டுபிடிக்கத்தக்கவையாக இருந்தன. மக்கள் நல்ல சொல்லைத் தெரிவுசெய்வதில்லை என்ற உண்மையை ஏற்று, இடிக்கும் வேலையை மெதுவாக்குவதே அவர்கள் கண்ட வழி. யூனிக்ஸ் ஏழாம் பதிப்பின் கிரிப்ற் என்னும் செயல்முறை, கடவுச்சொல்லைச் சாவியாகக் கொண்டு, டெஸ் என்ற அமெரிக்க அரசின் மறைகுறியாக்க முறையை இருபத்தைந்து தடவை செயற்படுத்துகின்றது. அத்துடன் “உப்பு” எனப் பெயரிடப்பட்ட 12 பிற் அளவான எழுமாறான துணுக்கொன்றும் சேர்க்கப்படுகின்றது. ஒரே சொல்லைத் தெரிந்த இருவருக்கும் வெவ்வேறு ஹாஷ் கிடைப்பது இவ்வுப்பினாலாகும். 4,096 வகை இதனாற் சாத்தியமாயின. கிடைக்கும் தொடர் பதின்மூன்று எழுத்துடையது. முதலிரண்டும் உப்பு, எஞ்சிய பதினொன்றும் ஹாஷ்.

சந்தையில் விற்கப்பட்ட டெஸ் சில்லுகளைக் கொண்டு எவரும் வேகமாகத் தேடாதிருக்கும் பொருட்டு, உப்பினால் டெஸ்ஸின் உள்ளட்டவணையொன்றையே அவர்கள் சிறிது குழப்பிவைத்தனர். அதாவது, கடவுச்சொல் ஹாஷின் வரலாற்றில் முதலாவது இணக்கமின்மை திட்டமிட்டே உருவாக்கப்பட்டது. இணக்கமின்மை எப்போதும் குறைபாடு எனக் கொள்வோர் இதனை மனங்கொள்ளல் தகும்.

எட்டுப் பைற்றுகளின் நெடுநிழல்

டெஸ்ஸின் சாவி 56 பிற் நீளமானது. ஓர் எழுத்துக்கு 7 பிற் எனக் கொண்டால் எட்டு எழுத்து. எனவே கிரிப்ற் கடவுச்சொல்லின் முதல் எட்டுப் பைற்றுகளை மாத்திரமே நோக்கும். எஞ்சியவற்றை ஓசையின்றிக் கைவிடும். ஆங்கில எழுத்துகளை மாத்திரம் கருத்திற் கொண்டோருக்கு இது சிறிய குறையாகவே தோன்றியது. உலகின் பிற மொழிகளில் எழுதுவோருக்கோ விளைவு வேறு.

யுனிகோட்டின் இன்றைய பொது வடிவமான யூ.ரீ.எவ். 8இல் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைற்றுகளைக் கொள்ளும். முதற் பைற்று எப்போதும் 224. இரண்டாவது 174 அல்லது 175. மூன்றாவதே எழுத்தை வேறுபடுத்தும். ஆகவே எட்டுப் பைற்றுகளில் அடங்குவன இரண்டு குறியீடுகளும், மூன்றாவதன் முதலிரு பைற்றுகளும் மாத்திரமே. “தமிழரசி” என்ற சொல்லையும் “தமயந்தி” என்ற சொல்லையும் எடுத்துக்கொள்வோம். தகரமும் மகரமும் இரண்டுக்கும் பொது. மூன்றாவது குறியீடு முன்னதில் இகர விசிறி, பின்னதில் யகரம். இரண்டும் 224, 174 என்றே தொடங்குகின்றன. வேறுபாடு ஒன்பதாவது பைற்றிலேயே வருகின்றது. அதனைக் கிரிப்ற் பார்ப்பதில்லை. எனவே பழைய கிரிப்ற்றின் பார்வையில் தமிழரசியும் தமயந்தியும் ஒருத்தியே. ஒருவரது சொல்லால் மற்றவரது கணக்கு திறக்கும். யூ.ரீ.எவ். 8 தோன்றிய 1992க்கு முற்பட்டது கிரிப்ற் என்பதால் அதன் ஆசிரியர்களைக் குறைகூறல் நியாயமன்று. ஆனால் 2005இல் வெளிவந்த சொலாரிஸ் 10 பணிசெயல் முறைமையிலும் இப்பழைய கிரிப்ற்றே இயல்நிலைத் தெரிவாக இருந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

இத்தகைய சேவையகத்திலிருந்து புதியதொன்றுக்கு மாறும்போது எழும் முறைப்பாடு வேடிக்கையானது. பல ஆண்டுகளாகத் தமது சொல்லின் இறுதிப் பகுதியைத் தவறாகத் தட்டச்சிட்டும் உள்நுழைந்து வந்தவர், புதிய முறையில் முழுச்சொல்லும் கணிக்கப்படுவதால் திடீரெனத் தடுக்கப்படுகின்றார். “நேற்றுவரை இதே சொல்தான்” என்று அவர் சத்தியம் செய்வார். அவர் கூறுவது பொய்யன்று.

சட்டமும் வடிவமும்

கிரிப்ற்றுக்கு அடுத்த வடிவம் தோன்றியமைக்குத் தொழில்நுட்பக் காரணம் பாதி, மறுபாதி அரசியல். 1990களில் ஐக்கிய அமெரிக்கா மறைகுறியாக்க மென்பொருள்களைப் போர்த்தளபாடங்களின் பட்டியலில் வைத்திருந்தது. டெஸ் அடங்கிய நிரலை அந்நாட்டிலிருந்து தடையின்றி ஏற்றுமதி செய்தல் இயலாது. ஒருவழிச் சார்புகளுக்கு இத்தடை இருக்கவில்லை. எனவே 1994இல் டென்மார்க்கைச் சேர்ந்த போல்-ஹென்னிங் காம்ப், பிறீபீஎஸ்டி முறைமைக்காக எம்.டி.5 என்ற சார்பை ஆயிரம் சுற்றுகள் செயற்படுத்தும் புதிய வடிவத்தை எழுதினார். பிறீபீஎஸ்டி நிறுவுவோர் டெஸ் நூலகத்தைத் தனியாகப் பெற்றுச் சேர்க்கவேண்டியிருந்தது. சேர்த்தவரின் கணக்குப் பட்டியல் சேராதவரின் யந்திரத்தில் இயங்காது. ஒரு நாட்டின் ஏற்றுமதிச் சட்டம், அந்நாட்டைக் கண்டிராத பயனாளரின் உள்நுழைவைத் தீர்மானித்தது.

எனினும் காம்ப் செய்த ஒரு காரியம் பெரும் பயன் விளைத்தது. புதிய ஹாஷின் தொடக்கத்தில் $1$ என்ற அடையாளத்தை இட்டார். எந்த உரலில் இடிக்கப்பட்டது என்பதை மாவுப்பையின்மேல் எழுதிவைப்பது போன்றது இது. பின்வந்தோர் இம்மரபைப் பின்பற்றினர். 1999இல் நீல்ஸ் புறோவோஸ், டேவிட் மசியேர் ஆகியோர் விபரித்த பீகிரிப்ற் இரண்டு என்ற இலக்கத்துடனும், 2007இல் உல்றிக் றெப்பர் வகுத்த எஸ்.எச்.ஏ. வடிவங்கள் $5$, $6$ என்பவற்றுடனும், அண்மைய யெஸ்கிரிப்ற் வை என்ற ஆங்கில எழுத்துடனும் தொடங்குகின்றன. அப்பாச்சி இணையச் சேவையகம் காம்ப்பின் முறையையே எடுத்துக்கொண்டு தனது பெயர்க்குறியை இட்டது. அக்குறியும் கணிப்பினுள் கலக்கப்படுவதால், முறை ஒன்றாயினும் விளைவு வேறாகின்றது. குறியை மாத்திரம் கையால் மாற்றிவிட்டு இயங்கும் என எதிர்பார்த்து ஏமாந்த நிருவாகிகள் பலர்.

அடையாளம் இருந்தால் மாத்திரம் போதாது, வாசிப்பவருக்கு அது தெரிந்திருக்கவும் வேண்டும். தொடக்ககாலக் கிரிப்ற் செயல்முறைகள் $1 என்ற இரு குறிகளையே உப்பாகக் கருதி, டெஸ் கணிப்பைச் செய்து, பொருந்தாத விடையைத் தயக்கமின்றித் தந்தன. லினக்ஸின் சீ மொழி நூலகம் 2012 டிசம்பரில் வெளிவந்த 2.17ஆம் பதிப்பிலிருந்து இத்தகைய உப்பை மறுத்து வெறுமையைத் திருப்பிக் கொடுக்கத் தொடங்கியது. வெறுமையை எதிர்பார்த்திராத சில நிரல்கள் அதனாற் செயலிழந்து வீழ்ந்தன. பொய் விடையினும் வீழ்ச்சி மேலானது என்பதே இக்கட்டுரையாளரின் கருத்து. வீழ்ச்சியைத் தேடிக் கண்டுபிடிக்கலாம்.

ஆங்கிலமல்லாத எழுத்துகள்

பீகிரிப்ற்றின் வரலாற்றில் 2011ஆம் ஆண்டு ஒரு திருப்பமாகும். அதன் பரவலான செயலாக்கமொன்றில், 128க்கு மேற்பட்ட பெறுமானமுடைய பைற்றுகளைக் குறியுள்ள எண்ணாகக் கொண்டமையால் கணிப்புத் தவறியது கண்டறியப்பட்டது. அத்தகைய ஒரு பைற்று, தனக்கு முன்னுள்ள மூன்று வரையான எழுத்துகளின் பாதிப்பை அழித்துவிடக்கூடும். ஆங்கில எழுத்துகளும் இலக்கங்களும் 128க்குக் கீழ்ப்பட்டவை. ஆகவே பத்தாண்டுகளுக்கு மேலாக இது எவர் கண்ணிலும் படவில்லை. தமிழ், சிங்களம், அரபு, ருஷ்யம் ஆகியவற்றின் பைற்றுகள் யூ.ரீ.எவ். 8இல் யாவும் 128க்கு மேற்பட்டவை. பிழையைத் திருத்தியபோது புதியதோர் இக்கட்டு எழுந்தது. திருத்திய முறையிற் கணித்தால் பழைய ஹாஷ்கள் பொருந்தா. திருத்தாவிடின் பலவீனம் நீடிக்கும். இதனால் இரண்டு என்ற இலக்கத்துடன் எக்ஸ் சேர்ந்தால் தவறான பழைய முறை, வை சேர்ந்தால் திருந்திய முறை எனப் புதிய குறிகள் வகுக்கப்பட்டன. 2014இல் ஓபன்பீஎஸ்டி தனது வேறொரு திருத்தத்துக்காகப் பீ என்ற குறியைச் சேர்த்தது. இன்று, ஒரு மொழியின் நூலகம் வை குறியிட்டுத் தரும் ஹாஷை, ஏ குறியை மாத்திரம் அறிந்த பழைய நூலகம் மறுப்பதைக் காணலாம். ஆங்கில எழுத்தாலான சொற்களுக்கு இவ்விரண்டின் கணிப்பும் ஒன்றே. தடையாக நிற்பது அந்த ஓரெழுத்தே.

பீகிரிப்ற் 72 பைற்றுகளுக்கு அப்பால் நோக்குவதில்லை என்பதும் இங்கு கருதத்தக்கது. “கொழும்பு” என்ற நான்கெழுத்துச் சொல் எட்டுக் குறியீடுகளையும் 24 பைற்றுகளையும் உடையது. அதனை மூன்று முறை எழுதினால் எல்லை எட்டிவிடும். பன்னிரண்டு எழுத்துக்குப்பின் எதை எழுதினாலும் பயனில்லை. ஆங்கிலத்தில் எழுதுவோருக்கு 72 எழுத்து என்பது எட்டாத் தொலைவு. அவர்களும் தப்பினரில்லை: ஒக்ரா என்ற அடையாளச் சேவை நிறுவனம் 2024இல் தானே வெளியிட்ட அறிவித்தலின்படி, பயனாளர் பெயரையும் கடவுச்சொல்லையும் ஒன்றாகச் சேர்த்துப் பீகிரிப்ற்றுக்குக் கொடுத்தமையால், 52 எழுத்துக்குக் குறையாத பெயர் கொண்டோர் விடயத்தில், சில நிபந்தனைகளின்கீழ், கடவுச்சொல் நோக்கப்படாமலே அனுமதி கிடைக்கக்கூடியதாயிருந்தது.

எழுத்து வடிவம் தொடர்பாக இன்னுமொன்று. ஒகர உயிர்மெய்யின் குறியை யுனிகோட்டில் ஒரே குறியீடாகவும் எழுதலாம்; ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனியே இட்டும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. பைற்றுகளோ வேறு, “கொழும்பு” முன்னதில் 24, பின்னதில் 27. ஒருவர் அலுவலகக் கணனியில் ஒரு விசைப்பலகை அமைப்பிலும், கைத்தொலைபேசியில் வேறோர் அமைப்பிலும் அதே சொல்லைத் தட்டச்சிட்டால், ஹாஷ் பொருந்தாது போகலாம். இடிப்பதற்கு முன் எழுத்துகளை ஒரே நியம வடிவுக்குக் கொணர்வதே இதற்குப் பரிகாரம். 2017இல் வெளிவந்த இணைய நியம ஆவணம் 8265 இதனை விதிக்கின்றது. பின்பற்றாத சேவையகங்கள் ஏராளம். தமது தாய்மொழியிற் கடவுச்சொல் வைப்போருக்கு “ஆங்கிலத்தில் வையுங்கள்” என்ற அறிவுரையே பெரும்பாலும் கிடைக்கின்றது. ஒரு மொழிக்குழுவினரின் எழுத்துமுறையை இயல்பெனவும் ஏனையவற்றை விதிவிலக்கெனவும் கருதிய வடிவமைப்பின் செலவை, இவ்வாறு ஏனையோரே செலுத்துகின்றனர்.

தரவுத்தளங்களும் வலையமைப்புகளும்

தரவுத்தளங்களின் கதை இதிலும் நேரடியானது. மைஎஸ்கியூஎல் 2004இல் 4.1ஆம் பதிப்பை வெளியிட்டபோது, பதினாறு இலக்க ஹாஷை விடுத்து, உடுக்குறியுடன் நாற்பத்தொரு எழுத்து ஹாஷுக்கு மாறியது. பழைய முறையில், திருடப்பட்ட ஹாஷே கடவுச்சொல்லுக்கு ஈடாக உள்நுழையப் போதுமாயிருந்தது. எனவே மாற்றம் அவசியமானது. ஆனால் பழைய இணைப்பு நிரல்கள் புதியதை அறியவில்லை. பரிகாரமாகப் பழைய வடிவிலேயே ஹாஷை எழுதும் செயல்முறையொன்றும் வழங்கப்பட்டது. இடைக்கால ஏற்பாடாகக் கருதப்பட்ட அது, 5.7ஆம் பதிப்பில் நீக்கப்படும்வரை ஏறத்தாழப் பத்தாண்டு நீடித்தது. 2018இல் 8.0 மீண்டும் வடிவத்தை மாற்றியபோது அதே காட்சி மறுபடியும் அரங்கேறியது.

போஸ்ற்கிறெஸ் தரவுத்தளத்தின் பழைய எம்.டி.5 முறையில் பயனாளரின் பெயரே உப்பாகப் பயன்பட்டது. ஆகவே கணக்கின் பெயரை மாற்றினாற் கடவுச்சொல் செல்லாததாகிவிடும்; முறைமையே அதனை அழித்துவிடும். திருமணத்தின்பின் பெயரை மாற்றிக்கொண்ட ஊழியர் ஒருவர் மறுநாள் உள்நுழைய முடியாது தவித்தால், காரணத்தை இங்கே தேடலாம்.

மேற்கூறியவற்றில் ஹாஷை வாசிக்கும் நூலகமே சிக்கலாயிருந்தது. வலையமைப்பு வழியான அடையாள உறுதிப்பாட்டில் நெறிமுறையும் குறுக்கிடுகின்றது. பயனாளர் தம் சொல்லை அப்படியே அனுப்புவாராயின், சேவையகம் எந்த உரலிலும் இடித்துப் பார்க்கலாம். சொல்லை அனுப்பாது, சேவையகம் விடுக்கும் வினாவுக்குச் சொல்லைக்கொண்டு விடை கணித்து அனுப்பும் நெறிமுறைகளில், சேவையகமும் அதே கணிப்பைச் செய்யவேண்டியுள்ளது. 1990களின் சாப் நெறிமுறைக்கு மூலச்சொல்லே சேவையகத்தில் இருத்தல் வேண்டும். மைக்ரோசொப்ற்றின் எம்.எஸ்.சாப் இரண்டாம் பதிப்புக்கு மூலச்சொல், அல்லது உப்பற்ற எம்.டி.4 ஹாஷ் வேண்டும். பீகிரிப்ற்றில் நன்கு பேணப்பட்ட பட்டியலைக் கொண்டு இவ்விடையைச் சரிபார்த்தல் இயலாது. எந்த அமைப்புக் கோப்பைத் திருத்தினும் இயலாது, கணிதம் இடந்தராது.

பல்கலைக்கழகக் கம்பியில்லா வலையமைப்புகளில் இந்நெறிமுறை மிகப் பரவலானது. கணக்குப் பட்டியல் வலிய ஹாஷில் இருக்க, கம்பியில்லா வலையமைப்பு மாத்திரம் எல்லோரையும் மறுக்கும்போது, நிருவாகி முன் இரு வழிகள் தோன்றுகின்றன. உப்பற்ற பலவீனமான ஹாஷையும் எல்லோருக்கும் சேர்த்து வைத்துவிடலாம். அல்லது, சொல்லை மறைகுறியாக்கப்பட்ட குழாயினுள் அப்படியே அனுப்பும் ரீ.ரீ.எல்.எஸ். முறைக்கு மாறலாம், இதற்குப் பயனாளரின் கருவிகள் சேவையகத்தின் சான்றிதழை ஒழுங்காகச் சரிபார்க்கவேண்டும். முதலாவது எளிது; ஒரு பிற்பகலில் முடியும். பட்டியல் களவுபோனால், அந்த ஹாஷே கடவுச்சொல்லின் இடத்தில் நின்று கதவைத் திறக்கும். மொக்சி மார்லின்ஸ்பைக், டேவிட் ஹல்ற்றன் ஆகியோர் 2012இல் இந்நெறிமுறை முழுவதையும் ஒற்றை டெஸ் சாவியைத் தேடும் வேலையாகச் சுருக்கலாம் எனக் காட்டினர். இத்தனைக்குப் பின்னும் முதலாவது வழியே பல இடங்களில் தெரிவுசெய்யப்படுகின்றது. ஆபத்தை ஏற்பவர் பயனாளர், வசதியைப் பெறுபவர் வேறொருவர் என்பதே அதற்குக் காரணமாகும்.

நோயறிதலும் பரிகாரமும்

சேமிக்கப்பட்ட தொடரைக் கண்ணாற் பார்ப்பதிலிருந்தே ஆய்வு தொடங்கவேண்டும். அதன் முகப்புக்குறி யாது, அதனை இச்சேவையகத்தின் நூலகம் அறியுமா என்பது முதல் வினா. கோப்பக அடைவுகளில் “கிரிப்ற்” என்று மாத்திரம் குறிக்கப்பட்டிருந்தால், அதன் பொருள் அந்த யந்திரத்தின் நூலகத்தையே பொறுத்தது என்பதை மறக்கலாகாது. அடுத்து நீளம்: பீகிரிப்ற் ஹாஷ் அறுபது எழுத்து, தரவுத்தள நிரல் ஐம்பதுக்கே இடம் வைத்திருந்தால் எஞ்சியது வெட்டுண்டிருக்கும். கட்டளை வரியில் ஹாஷை இரட்டை மேற்கோளுக்குள் இட்டால், கட்டளை ஓடு டொலர் குறியையும் அதனையடுத்த பகுதியையும் மாறியின் பெயராகக் கருதி விழுங்கிவிடும். ஒற்றை மேற்கோளே தக்கது. கோப்பிலிருந்து ஊட்டப்பட்ட சொல்லின் இறுதியில் வரிமுடிவுக் குறி ஒட்டிக்கொள்வதும் உண்டு. இவை அற்பமானவை, ஆனால் பாதி நாளை விழுங்குவன இவையே.

தெரிந்த சொல்லொன்றைக் கொண்ட சோதனைக் கணக்கை உருவாக்கி, பழைய யந்திரத்திலும் புதியதிலும் கிடைக்கும் ஹாஷை அதே உப்புடன் ஒப்பிடுதல் தெளிவான சோதனையாகும். எக்காரணங்கொண்டும் பயனாளரிடம் அவரது சொல்லைக் கேட்டல் ஆகாது.

பழைய வடிவிலிருந்து புதியதற்குச் செல்வதற்கு நேர்மையான வழிகள் இரண்டுள. பயனாளர் வெற்றிகரமாக உள்நுழையும் கணத்தில், சொல் கையிலிருக்கும்போதே அதனைப் புதிய வடிவில் இடித்துப் பழையதை அழித்துவிடுதல் ஒன்று. உள்நுழையாதோரின் பழைய ஹாஷ்கள் இதனால் அப்படியே கிடக்கும். மற்றது, பழைய ஹாஷையே சொல்லாகக் கொண்டு அதன்மேல் வலிய ஹாஷை இட்டு மூடுதல். எவர் வருகைக்கும் காத்திருக்கவேண்டியதில்லை. உள்ளிருக்கும் ஹாஷை இரும வடிவிற் கொடுத்தால் இடையில் சுழியப் பைற்று வரக்கூடும். அந்த இடத்திலேயே சொல் முடிந்ததாகப் பீகிரிப்ற்றின் பல செயலாக்கங்கள் கொள்ளும். எழுத்து வடிவுக்கு மாற்றியே கொடுத்தல் வேண்டும். வேர்ட்பிறஸ் 2025இல் 6.8ஆம் பதிப்பிற் பீகிரிப்ற்றுக்கு மாறியபோது, 72 பைற்று எல்லையைத் தவிர்க்கச் சொல்லை முதலில் வேறொரு சார்பால் சுருக்கி, எழுத்து வடிவாக்கி, அதன் பின்னரே பீகிரிப்ற்றுக்குக் கொடுத்தது. பழைய ஹாஷ்களையும் உள்நுழைவின்போது படிப்படியாக மாற்றியது. இவ்வொழுங்கு பின்பற்றத்தக்கது.

இனி, தொடக்கத்திற் கூறிய துறைக்கு வருவோம். பழுதுற்ற சேவையகம் டெபியன் 11இல் இயங்கியது. 2021இல் வெளிவந்த அப்பதிப்பு புதிய கடவுச்சொற்களை யெஸ்கிரிப்ற்றில் எழுதும். அதற்கு முன் எழுதப்பட்டவற்றைத் தொடாது. மாற்று யந்திரத்திலிருந்த டெபியன் 10 யெஸ்கிரிப்ற்றை அறியாது. தரமுயர்த்தலின்பின் சொல்லை மாற்றியவர்கள் அனைவரும் புதிய வடிவிலும், மாற்றாத இருவர் மாத்திரம் பழைய எஸ்.எச்.ஏ. வடிவிலும் இருந்தனர். பட்டியலைத் திறந்து வரிகளின் முகப்பைப் பார்த்தபோது இது ஒரு நிமிடத்திற் புலனாயிற்று. பொதுச்சொல் யோசனை கைவிடப்பட்டது. மாற்று யந்திரத்தின் பணிசெயல் முறைமை அன்றிரவே 11ஆம் பதிப்புக்கு உயர்த்தப்பட்டது. காலையில் எல்லோரும் தத்தம் பழைய சொற்களுடனேயே உள்நுழைந்தனர். அந்த இருவரும் தம் சொற்களை இன்னும் மாற்றவில்லை. அவர்களது வரிகளின் முகப்பில் $6$ என்ற குறியே இன்றும் நிற்கின்றது.